வெடி அக்கவுண்டுக்கு வராத ரீஃபண்டு

எங்கள் தெருவில் என் ரீஃபண்டைப் பற்றித் தெரியாத ஆளே கிடையாது. எதிர்வீட்டுக்காரிக்குத் தெரியும். இஸ்திரி போடுகிறவருக்குத் தெரியும். தண்ணீர் கேன் கொண்டுவருகிறவர் வண்டியை நிறுத்தும்போதே, "சிஸ்டர், பணம் ஏறிருச்சா?" என்பார். இத்தனைக்கும் நான் யாரிடமும் போய்ச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம் மட்டும்தான் சொன்னேன். அவருக்குக் காது மந்தம். அவரிடம் ஒன்றைச் சொல்வதும் விருதுநகரில் பாதிப் பேருக்குச் சொல்வதும் ஒன்றுதான்.

"இன்கம்டாக்ஸ்ல இருந்து இன்னும் வரலைங்க!" என்று அடுப்படியிலிருந்து கத்துவேன்.

"யாரு வரல?"

"பணம்! பணம் வரல!"

"சரி சரி, வரட்டும். வந்தா உக்காரச் சொல்லு."

நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தலை நரைக்கிற அளவுக்கு அங்கே வேலை பார்த்தாயிற்று. ஆனால் நிர்வாகத்தின் கணக்குப்படி நான் ஊழியர் இல்லையாம், கன்சல்டன்ட்டாம். ஊசி போட்டு, டிரிப் மாற்றி, படுக்கையில் கிடப்பவருக்கு மலம் அள்ளுகிற கன்சல்டன்ட். கன்சல்டன்ட்டுக்குச் சம்பளம் என்று சொல்லக்கூடாது, அது ஃபீஸ். ஃபீஸ் என்றால் டிடிஎஸ் உண்டு. மாதாமாதம் பத்தில் ஒரு பங்கை வரியென்று பிடித்துக் கட்டிவிடுவார்கள். என் வருமானத்துக்கு ஒரு பைசா வரி கிடையாது. வருடம் முடிந்து ரிட்டர்ன் போட்டால் பிடித்தது முழுவதும் திரும்பி வரும். திருப்பித் தரப்போகிற பணத்தை எதற்குப் பிடிக்கிறீர்கள் என்று கணக்குப் பிரிவில் கேட்டால், "அது ரூல், சிஸ்டர்" என்பார்கள். எனக்கு அங்கேயே தலை சூடாகிவிடும்.

மற்ற வருடங்களில் அந்தப் பணம் எப்போது வந்தது, எதற்குப் போனது என்று எனக்கே தெரியாது. அந்த வருடம் அப்படி விட முடியவில்லை.

வீட்டுக்காரர் தினமும் பஸ் பிடித்துச் சிவகாசி போகிறவர். அங்கே ஓர் அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறார். வெடிப்பெட்டிக்கு லேபிள், தீப்பெட்டிக்கு லேபிள், பிறகு கேலண்டர். மெஷின் இரைச்சலிலேயே இருந்து இருந்து காது போய்விட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன், அவ்வளவுதான்.

அந்தப் பங்குனியில் ஒரு நாள் மெஷினில் தாள் சிக்கிக்கொண்டது. கூட நின்றவர், "நிறுத்துங்கண்ணே" என்று கத்திவிட்டு, நிறுத்தியிருப்பார் என்ற நம்பிக்கையில் கையை உள்ளே விட்டிருக்கிறார். இவர் காதில் அது விழவே இல்லை. நல்லவேளை, சட்டைக் கையோடு போயிற்று. விரல் தப்பியது. மறுநாள் சூப்பர்வைசர் இவரைத் தனியாகக் கூப்பிட்டு, கத்தாமல், முகத்துக்கு நேராக நின்று சொல்லியிருக்கிறார்: "ஆடிப் பதினெட்டுக்குக் கேலண்டர் வேலை ஆரம்பிச்சுரும். அதுக்குள்ள காதுக்கு ஒரு வழி பண்ணிட்டு வாங்கண்ணே. இல்லைன்னா மெஷினை உங்ககிட்ட விட முடியாது. பண்டல் கட்டுற பக்கம்தான் உக்காரணும்."

பண்டல் கட்டுவது கேவலமான வேலை இல்லை. ஆனால் கூலி பாதி. அதைவிட, கல்யாணமான நாளிலிருந்து நான் இவரை மெஷின்காரராகத்தான் பார்த்திருக்கிறேன். சிவப்பு எவ்வளவு, மஞ்சள் எவ்வளவு என்று மை டப்பாவைப் பார்த்தே சொல்லுகிற மனிதர். அவரைக் கொண்டுபோய் சணல் கயிற்றோடு உட்கார வைத்தால் வீட்டுக்கு வந்து என்ன பேசுவார்?

காது டாக்டர் பரிசோதித்துவிட்டு, இரண்டு காதுக்கும் மெஷின் வைத்தால் தேறும் என்றார். விலையைக் கேட்டதும் எனக்கு டிடிஎஸ்தான் ஞாபகம் வந்தது. கிட்டத்தட்ட அதே தொகை. நகை மகனின் காலேஜ் ஃபீஸுக்காக ஏற்கெனவே அடகில் இருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே தருவார்கள், ஆனால் ஊனச் சான்றிதழ் வாங்க வேண்டும். "என்னையச் செவிடன்னு எழுதி வாங்கிட்டு வந்து, மெஷினைக் குடுங்கன்னு எப்படி நிப்பேன்?" என்று அவர் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். வட்டிக்கு வாங்கலாம் என்று என்னோடு வேலை பார்க்கிறவர்கள் சொன்னார்கள். என் பணம் அரசாங்கத்திடம் சும்மா கிடக்கும்போது நான் எதற்கு அடுத்தவனுக்கு வட்டி கட்ட வேண்டும்? வீம்புதான். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ரிட்டர்ன் போட ஆடிட்டர் ஆபீசுக்குப் போனேன். ஆடிட்டரை நான் பார்த்ததே இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் பெண்தான் எல்லாம். "பணம் எந்த அக்கவுண்டுக்கு வரணும்க்கா?" என்று கேட்டாள். எல்லாக் குழப்பத்துக்கும் நான் அங்கேதான் பிள்ளையார் சுழி போட்டேன்.

என் சம்பள அக்கவுண்டு வாயைத் திறந்துகொண்டே இருக்கும். மகளிர் குழுக் கடன், மகனின் படிப்புக் கடன், எல்லாம் அதில்தான் பிடித்தம். அதில் ரீஃபண்டு விழுந்தால் நான் பார்ப்பதற்குள் காணாமல் போய்விடும். இன்னொரு அக்கவுண்டு இருந்தது. வீட்டில் அதற்கு 'வெடி அக்கவுண்டு' என்று பெயர்.

எங்கள் பக்கம் பிறந்தவர்களுக்கு இருக்கும் தொல்லை இது. வருடம் முழுக்க, இருக்கிறாயா செத்தாயா என்று கேட்காத சொந்தமெல்லாம் புரட்டாசி பிறந்ததும் போன் போடும். சென்னையில் இருக்கிற தம்பி, பெங்களூரில் இருக்கிற நாத்தனார், தம்பியின் மேலதிகாரி, நாத்தனாரின் மாடி வீட்டுக்காரர், எல்லோருக்கும் கம்பெனி ரேட்டில் வெடி வேண்டும். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், எங்களுக்குத் தீபாவளியே கிடையாது என்றால் யார் கேட்கிறார்கள்? பணத்தை அனுப்பிவிடுவார்கள். லேபிள் அடிக்கிற பழக்கத்தில் வீட்டுக்காரருக்கு அச்சங்குளம் பக்கம் நாலு கம்பெனி தெரியும். போய் வாங்கி, பெட்டி கட்டி, லாரி ஆபீசில் போட்டுவிட்டு வருவார். வீட்டுக் காசும் வெடிக் காசும் கலந்து சண்டை வந்ததால் என் பெயரில் தனி அக்கவுண்டு தொடங்கினோம். வாங்கப் போகிறவர் அவர் என்பதால் அவருடைய போன் நம்பரைக் கொடுத்திருந்தோம். தீபாவளி முடிந்தால் அடுத்த புரட்டாசி வரை அதில் ஈ காக்கா நுழையாது.

"அதுல போடும்மா. அங்கன யாரும் கை வைக்க மாட்டாக" என்றேன்.

அவள் ஏதோ தட்டினாள். பச்சையாக ஒரு டிக் விழுந்தது. "அவ்வளவுதான்க்கா. இனி வெப்சைட்ல பாத்துக்கிட்டே இருங்க, தானா வந்துரும்" என்றாள்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். காலை டியூட்டிக்குப் போனதும் ஒரு தடவை, சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், அதோடு ஒரு புள்ளியோ நட்சத்திரமோ என்று ஒரு பாஸ்வேர்டு. ஒரு எழுத்து தப்பினால் வெளியே தள்ளிவிடும். ஓடிபி வருவதற்குள் படுக்கையிலிருந்து, "சிஸ்டர், டிரிப் முடிஞ்சுருச்சு" என்பார்கள். ஓடி மாற்றிவிட்டு வந்தால் நேரம் முடிந்தது, மறுபடி முதலிலிருந்து வா என்று வெப்சைட் சொல்லும். இவ்வளவு பாடும் பட்டு உள்ளே போனால் ஒரே வரிதான்: உங்கள் ரிட்டர்ன் பரிசீலனையில் உள்ளது. யார் பரிசீலிக்கிறார்கள், எதைப் பரிசீலிக்கிறார்கள், அதில் என்னதான் இருக்கிறது பரிசீலிக்க? ஒரு நர்ஸ், ஒரு ஆஸ்பத்திரி, ஒரு டிடிஎஸ். எங்கள் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து கட்டியை எடுத்துத் தைத்து வீட்டுக்கே அனுப்பிவிடுகிறார்கள் அந்த நேரத்தில்.

உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். பாட்டுப் போட்டார்கள். பிறகு, தமிழுக்கு இந்த எண்ணை அமுக்கு என்றார்கள். அமுக்கினேன். மறுபடி பாட்டு. கடைசியில் ஒரு மனிதக் குரல் வந்து பான் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, "பரிசீலனையில் இருக்குது மேடம்" என்றது. அது எனக்குத் தெரியாதா?

ஒரு நாள் போனுக்கு மெசேஜ் வந்தது. ரீஃபண்டு தயார், கீழே உள்ள லிங்கைத் தொடவும் என்று. சந்தோஷத்தில் விரலைக் கொண்டுபோய்விட்டேன். கூட இருந்த சிஸ்டர் போனைப் பிடுங்கி, "ஏக்கா, இருக்கிறதையும் உருவிருவாங்க" என்றாள். திருடனுக்குக்கூட என் ரீஃபண்டின் நினைப்பு இருக்கிறது, கொடுக்க வேண்டியவர்களுக்கு இல்லை.

சென்னையிலிருந்து தம்பி பேசினான். "எனக்கெல்லாம் பத்தே நாள்ல வந்துருச்சுக்கா. நீ எங்கயோ தப்பாப் போட்டிருக்க" என்றான். வயிற்றெரிச்சலோடு கேட்டுக்கொண்டிருந்தேன். வைக்கும்போது, "இந்தத் தடவை வெடியைக் கொஞ்சம் முன்னாடியே அனுப்பச் சொல்லு அத்தான்கிட்ட" என்றான்.

ஆடிப் பதினெட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அந்த வரி மாறியது. பரிசீலனை முடிந்தது, ரீஃபண்டு அனுப்பப்பட்டது. அன்று நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரி கையில் கரண்டியோடு ஓடிவந்துவிட்டாள். வீட்டுக்காரரும் சிவகாசிக்குப் போய் சூப்பர்வைசரிடம், "இந்த வாரத்துல காது மெஷின் வாங்கிருவேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். நாங்கள் மதுரைக்கு எந்த பஸ்ஸில் போவது என்றுகூடப் பேசி முடித்துவிட்டோம்.

பணம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் சிவப்பு எழுத்தில் ரீஃபண்டு தோல்வி என்று இருந்தது. தோல்வியாம். நான் என்ன தேர்தலிலா நின்றேன்?

ஆடிப் பதினெட்டு அன்று அச்சகத்தில் பூஜை போட்டு, புதுக் கேலண்டர் மாதிரிகளைச் சாமி முன்னால் வைத்தார்கள். எல்லோருக்கும் போல இவருக்கும் பொங்கல் கொடுத்தார்கள். மறுநாள் பண்டல் கட்டும் பக்கம் உட்காரச் சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது கையில் மை இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த நகக்கண்ணில் மை இல்லாமல் நான் பார்த்ததில்லை. பழக்கதோஷத்தில் மை துடைக்கிற மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டார். எனக்கு யாரையாவது அறைய வேண்டும் போல் இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

ஆடிட்டர் ஆபீஸ் பெண்ணிடம் போய்க் காட்டினேன். "பணம் பேங்க் வரைக்கும் போயிருக்கு. பேங்க்தான் திருப்பி அனுப்பியிருக்குக்கா. அக்கவுண்ட்ல ஏதோ பிரச்சனை" என்றாள். டியூட்டிக்கு லீவு சொல்லிவிட்டு பேங்குக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி எங்கள் ஆஸ்பத்திரியில் குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்டவர். என்னைத் தெரியும்.

"இந்த அக்கவுண்டை நிறுத்தி வச்சிருக்கோம் சிஸ்டர். கேஒய்சி புதுப்பிக்கல" என்றார்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? எங்கிட்ட யாருமே சொல்லலையே!" என் குரல் கேட்டு வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

"சொன்னோமே. இந்த அக்கவுண்டுக்கு இருக்கிற நம்பருக்கு நானே போன் பண்ணினேன். ஒரு தடவை இல்ல, பல தடவை. உங்க வீட்டுக்காரர்தான எடுத்தாரு? ஆதாரும் பானும் கொண்டுவாங்க, இல்லைன்னா பணம் வரவும் முடியாது, எடுக்கவும் முடியாதுன்னேன். 'சரிங்க'ன்னாரு. எப்ப வாறீங்கன்னேன். அதுக்கும் 'சரிங்க'ன்னாரு." அவர் சிரித்தார். "ரொம்பத் தன்மையா பேசுறாரு, சிஸ்டர்."

நான் சிரிக்கவில்லை. வெப்சைட்டைத் திட்டியிருந்தேன், டெல்லியைத் திட்டியிருந்தேன், ஆஸ்பத்திரிக் கணக்குப் பிரிவைத் திட்டியிருந்தேன். கடைசியில் குறுக்கே நின்றவர் என் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். யாருக்காக இந்தப் பணத்தின் பின்னால் நாயாக அலைந்தேனோ அவரே கதவைச் சாத்திவிட்டு 'சரிங்க' என்று சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்தபோது அவர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். கத்துவதற்குத்தான் வந்தேன். ஆனால் அந்த மையில்லாத கையைப் பார்த்ததும் சத்தம் வரவில்லை. எதிரே போய் நின்று, சாதாரணமாகக் கேட்டேன்.

"பேங்க்ல இருந்து போன் பண்ணுனாகளா?"

அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன், அவர் எப்போதும் என் வாயைத்தான் பார்க்கிறார்.

"பண்ணுனாக."

"என்ன சொன்னாக?"

குழாயை மூடினார். துண்டை எடுத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "தெரியல" என்றார்.

"தெரியாம எதுக்குச் சரின்னீக?"

"நேர்ல பேசுனா வாயைப் பாத்துப் பாதியப் புரிஞ்சுக்கிருவேன். போன்ல வாய் தெரியாதுல்ல. சரின்னு சொன்னா வச்சிருவாக. இல்லைன்னா திரும்பத் திரும்பக் கேப்பாக."

"அப்ப வெடிக்கு ஆர்டர் சொன்னவுகளுக்கு?"

"அவுகளுக்கும் சரிதான். போன வருசம் என்ன வாங்குனாகளோ அதையே போட்டு விட்டுருவேன்."

எனக்கு நாத்தனார் நினைவுக்கு வந்தாள். வீட்டில் பச்சைப் பிள்ளை இருக்கிறது, சத்தமில்லாமல் மத்தாப்பும் பூச்சட்டியும் மட்டும் போதும் என்று போன தீபாவளிக்கு அவள் படித்துப் படித்துச் சொன்னாளாம். போய்ச் சேர்ந்தது ஒரு பெட்டி அணுகுண்டும் சரவெடியும். வேண்டுமென்றே அனுப்பினீர்கள் என்று அவள் சண்டை போட, என் வீட்டுக்காரரை எப்படிச் சொல்லலாம் என்று நான் சண்டை போட, பொங்கல் வரை பேச்சில்லை. அத்தனை பேச்சையும் நான் பேசும்போது இவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். சிரிப்பு வந்தது. அதே மூச்சில் அழுகையும் வந்தது. அழும்போது கோபமும் வந்தது.

"காது இம்புட்டு மோசம்னு எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உங்கிட்டச் சொன்னா தெருவுக்கே தெரிஞ்சுரும்ல" என்றார்.

நான் திரும்பித் தெருப்பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மறுநாளே ஆதாரும் பானும் கொண்டுபோய்க் கொடுத்தேன். போன் நம்பரையும் என்னுடையதாக மாற்றினேன். ஆடிட்டர் ஆபீஸ் பெண் மறுபடி அக்கவுண்டைச் சரிபார்த்து, ரீஃபண்டைத் திரும்ப அனுப்பும்படி விண்ணப்பம் போட்டாள். மறுபடி பரிசீலனை. எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பல்லைக் கடிக்கத் தோன்றும் நிலைக்கு வந்துவிட்டேன். ஆவணி முழுக்க அவர் பண்டல் கட்டினார். அவர் மெஷினில் வேறொருவர் முருகனையும் மாதாவையும் அடித்துக்கொண்டிருந்தார். "மஞ்சள் தூக்கலா விழுது. சொன்னா கேக்க மாட்டேங்கிறாக" என்று ஒரு நாள் மட்டும் சொன்னார். அவர் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு மோசமாக இருந்திருக்காது.

புரட்டாசி பிறந்ததும் வெடிப் பணம் வர ஆரம்பித்தது. தம்பி அனுப்பினான், தம்பியின் மேலதிகாரி அனுப்பினார். அப்படி வந்த மெசேஜ்களுக்கு நடுவில் ஒன்றைப் பார்த்து, யார் இது இவ்வளவு வெடி கேட்பது என்று எரிச்சலோடு திறந்தேன். ரீஃபண்டு. கூடவே தாமதத்துக்கு வட்டி என்று ஒரு அற்பத் தொகை. மோசடி மெசேஜாக இருக்குமோ என்று பேங்குக்கே போய் அந்த அதிகாரியைக் கேட்டுவிட்டுத்தான் நம்பினேன். தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் கத்தவில்லை. முகத்துக்கு நேராக நின்று, "நாளைக்கு மதுரைக்குப் போறோம்" என்று மட்டும் சொன்னேன்.

மதுரையில் காது மெஷின் வைக்கிற இடம் ஒரு சின்ன கண்ணாடி அறை. ஒரு பெண் அவருடைய இரண்டு காதிலும் பொருத்தி, கம்ப்யூட்டரில் ஏதோ கூட்டிக் குறைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இப்ப நீங்க பேசுங்கம்மா. வீட்டுல பேசுற மாதிரி சாதாரணமா பேசுங்க" என்றாள்.

நான் மூச்சை இழுத்தேன். அவள் பதறிப்போய்க் கையை அமர்த்திக் காட்டினாள், மெதுவாக, மெதுவாக. மெதுவாக என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ரீஃபண்டு வந்துருச்சுங்க."

அவர் சட்டென்று நிமிர்ந்தார். என் வாயைப் பார்க்கவில்லை. கண்ணைப் பார்த்தார்.

"இன்னொருக்கச் சொல்லு."

"ரீஃபண்டு வந்துருச்சு. அச்சகத்துல உங்க மெஷினைத் திங்கக்கிழமை கேளுங்க."

"ஏம்மா, உனக்குத் தொண்டை கிண்டை சரியில்லையா?" என்றார்.

"இல்லையே. நல்லாத்தான இருக்கு."

"இல்ல, கரகரன்னு கேக்குது. உன் குரல் இப்படி இருக்காதே. கோயில்ல பாடும்போது கணீர்னு இருக்குமே. டாக்டர்கிட்டக் காட்டுனியா?"

நான் சர்ச்சில் பாடகர் குழுவிலிருந்து நின்று எத்தனையோ வருடமாகிவிட்டது. குரல் உடைந்துவிட்டது என்று அவர்களேதான் மரியாதையாக நிறுத்தினார்கள். இவரிடம் அப்போதே சொன்னேன். சரி என்றார். இத்தனை வருடமும் அந்தப் பழைய குரலைத்தான் வைத்துக்கொண்டு என்னோடு வாழ்ந்திருக்கிறார் மனிதர்.

"வயசாச்சுல்ல. இப்ப இப்படித்தான்" என்றேன்.

உங்களிடம் கத்திக் கத்தித்தான் இப்படிப் போயிற்று என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. இப்போது சொன்னால் கேட்டுவிடும்.